ஊட்டி ஏரியில் மோட்டார் படகு, அப்புறம் கோடப்பமந்து கால்வாய்

அப்பா 31 வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மலையிலேயே சுற்றி வந்தவர். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தால் படகு இல்லம். ஆனாலும் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. "அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கும்மா" என்று சொல்லிவிடுவார்.

போன நவம்பரில் பல் டாக்டரைப் பார்க்க அவரை ஊட்டிக்குக் கூட்டி வந்தேன். பத்தரை மணிக்கே வேலை முடிந்துவிட்டது. முதல் நாள் பெய்த மழை விட்டு, வெயில் மெல்லத் தலைகாட்டியது. வாங்கப்பா என்று கையைப் பிடித்து ஏரிக்கு அழைத்துப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டமே இல்லை. எட்டுப் பேர் உட்காரும் மோட்டார் படகில் எங்களோடு ஒரு புதுமணத் தம்பதி மட்டும்தான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் அப்பா நேராக டிரைவர் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக் எங்கப்பா இருக்கு?"

"பிரேக் கிடையாதுங்க ஐயா. நிறுத்தணும்னா ரிவர்ஸ்தான்."

அதோடு இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். கற்பூர மரங்களையும் கரையில் மேயும் குதிரைகளையும் பார்க்க வந்த நான், பாதி நேரம் அவர்கள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். படகைத் திருப்பும்போது மூக்கு ஒரு பக்கம் போனால் பின்பக்கம் எதிர்ப்பக்கமாக விலகும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் உள்பக்கப் பின்சக்கரம் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, இங்கே வெளிப்பக்க வால் எதில் இடிக்கும் என்று பார்க்க வேண்டும். கரைக்கு வரும்போது வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, வந்த வேகத்திலேயே மிதந்து வந்து, கடைசியில் லேசாக ஒரு ரிவர்ஸ். காற்று அடித்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். "ரோடு நகராது. தண்ணி நகரும்ல" என்றார் அப்பா, ஏதோ புதுப் பாடம் படித்தவர் போல.

கிழக்குப் பக்கம் போகப் போக ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வந்தது. டிரைவர் ஒதுங்கித்தான் போனார். ஆனாலும் தண்ணீருக்கு அடியில் கிடந்த கொடி ஒன்று மாட்டிக்கொண்டது. எஞ்சின் சத்தம் சட்டென்று கம்மி இழுத்தது. உடனே நியூட்ரலுக்கு வந்து எஞ்சினை அணைத்தார். பின்னால் போய், எஞ்சினின் அடிப்பாகம் தண்ணீருக்கு மேலே வரும்படி சாய்த்தார். ப்ரொப்பெல்லர் தண்டில் பச்சை நார், முடி சுற்றியதைப் போல இறுகச் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு துணிக்கிழிசல் வேறு. கத்தி வைத்து அறுக்காமல், ப்ரொப்பெல்லரைக் கையாலேயே பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பிரித்தெடுத்தார். மறுபடி எஞ்சினைப் போட்டுவிட்டு, அதன் பக்கவாட்டில் பென்சில் தடிமனில் பீய்ச்சிய தண்ணீரை அப்பாவுக்குக் காட்டினார். ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சின் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறதாம். குப்பையோ கொடியோ அடைத்து அந்தத் தண்ணீர் நின்றுவிட்டால் சூடேறிவிடும். அதனால் ஓட்டுகிறவர் கண் அடிக்கடி அங்கே போய் வந்துகொண்டே இருக்கிறது. "ரேடியேட்டரே ஏரிதான்னு சொல்லு" என்றார் அப்பா.

"ஆமாங்க. அந்தக் கால்வாய் கொண்டாந்து கொட்றதை இதுதான் குடிக்குது."

அவர் கை காட்டிய திசையில்தான் கோடப்பமந்து கால்வாய் ஏரிக்குள் வந்து சேர்கிறது. அதற்கு மேல் படகு போகாது. திரும்பிவிட்டோம்.

கரை இறங்கியதும், கால்வாயைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று அப்பா சொல்லிவிட்டார். சரி, நடப்போம் என்று கிளம்பினோம்.

இந்த ஏரி இயற்கையானது இல்லை. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1824-இல், பள்ளத்தாக்கில் இறங்கி வந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது. அந்தக் கரை மூன்று தடவை உடைந்து ஏரி காலியாகியிருக்கிறது. அன்றைக்கு ஏரியின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகவே படகு விடும் எண்ணம் இருந்ததாம். நாம் இப்போது டிக்கெட் வாங்கிச் சுற்றி வரும் படகுச் சவாரி, 1973-இல் சுற்றுலாத் துறை ஏரியை எடுத்துக்கொண்ட பிறகு வந்தது. இன்றைக்கு ஏரி சுமார் 65 ஏக்கர். ஆனால் பஸ் ஸ்டாண்டு, ரேஸ் கோர்ஸ், ஏரிப் பூங்கா எல்லாமே ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடம். 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட ரேஸ் கோர்ஸ் மட்டுமே 52 ஏக்கருக்கு மேல். இதைச் சொன்னதும் அப்பா பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா ஏரிக்குள்ளதான் வண்டியை நிறுத்தியிருக்கேனா?"

பெருமழை பெய்தால் பக்கத்து ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்குவது ஊட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை அப்பாவின் பஸ்ஸும் அங்கே மாட்டி, ஆட்களை ஒவ்வொருவராகத் தோள் கொடுத்து இறக்கியிருக்கிறார். எந்தக் கல்லில் கால் வைத்து இறங்கினார்கள் என்பது வரை காட்டினார்.

கால்வாய்ப் பக்கம் போனதும் பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் சாம்பல் நிறத் தண்ணீர், மூக்கைப் பொத்த வைக்கும் வாடை. கம்பி வலையில் துணி, தெர்மாகோல், அழுகிய முட்டைக்கோஸ் இலை எல்லாம் குவிந்து கிடந்தன. மேலே கோடப்பமந்திலிருந்து சேரிங் கிராஸ், மார்க்கெட் என்று ஊரின் நடுவே வரும் தண்ணீர் இது. ஊர் கழுவி விட்டதெல்லாம் இதில் சேர்கிறது. ஏரியை எத்தனை முறை தூர் வாரினாலும், ஆகாயத்தாமரையை எத்தனை லோடு அள்ளினாலும், வீடுகளும் கடைகளும் லாட்ஜுகளும் கழிவை இங்கே விடுவதை நிறுத்தாமல் ஏரி தெளியாது என்பது என் எண்ணம். மந்து என்றால் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு. அந்தப் பெயரைச் சுமந்து வரும் தண்ணீரை இந்த நிலையில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இது ஊட்டியோடு முடிகிற காரியமும் இல்லை. ஏரியிலிருந்து வழிவது காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அப்புறம் மோயாறு, பவானிசாகர். கோபியில் சித்தி வீட்டு வயலுக்குத் தடப்பள்ளி வாய்க்காலில் வருவதும் பவானித் தண்ணீர்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வாய்க்காலில் இறங்கிக் கால் நனைக்காமல் நான் ஊர் திரும்பியதில்லை.

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. ஓடிப் போய்க் குன்னூர் பஸ்ஸைப் பிடித்தோம். லவ்டேல் தாண்டும் வரை அப்பா ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மாசம் பல்லுக்கு மறுபடி வரணும்ல? அன்னைக்குப் பைக்காரா போலாமா? அங்கயும் போட்டு இருக்காமே."