குதிரைக்கு இருபது கால்: மூன்றாவது வாரம்

மூன்று வாரமாக ராத்திரி ஒரு மணி நேரம் குதிரைதான். லியொனார்டோ டா வின்சி மிலான் நகரில் ஸ்ஃபோர்ஸா பிரபுவின் நினைவாகத் திட்டமிட்ட குதிரைச் சிலைக்காக, 1490-ஐ ஒட்டி, நீலப் பூச்சுக் காகிதத்தில் வெள்ளிமுனையால், அதாவது வெள்ளிக்கம்பி நுனியால், வரைந்த குதிரைகளைப் பார்த்து வரைகிறேன்.

முதல் வாரம் பின்னங்காலிலேயே போய்விட்டது. பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்து வரைந்தேன். குதிரை உட்காரப் போவது போல் இருந்தது. அது நம் குதிகாலுக்குச் சமமாம். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. அது புரிந்ததும் கால் நின்றது.

அப்புறம் வெள்ளிமுனை. நகைப்பட்டறையில் துண்டு வெள்ளிக்கம்பி வாங்கி, நுனியை உப்புத்தாளில் தேய்த்து, கிளட்ச் பென்சிலில் செருகினேன். காகிதத்தில் நீலம் கலந்த கௌவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) பூச்சு. கோடு மெல்லிய சாம்பல் நிறத்தில் விழுகிறது. அழுத்தினால் கறுக்காது, பூச்சுதான் பெயரும். ரப்பரால் அழிக்கவும் வழியில்லை. கழுத்தின் நிழலுக்கு மட்டும் மயிரிழை மயிரிழையாக இரண்டு ராத்திரி ஆனது. அவர் கை எவ்வளவு பொறுமையானது என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது வாரம், ஆங்கியாரிப் போர் ஓவியத்துக்காக 1503 வாக்கில் அவர் சிவப்புச் சாக்குக்கட்டியால் போட்ட, முன்னங்கால் தூக்கி எழும் குதிரை. அதில் தலையும் கால்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நிலைகளில் இருக்கின்றன. எது சரி என்று தேடியிருக்கிறார். தேடிய கோடுகள் அப்படியே கிடக்கின்றன.

ஓடும் குதிரைக்கு நான்கல்ல, இருபது கால் என்று வேகத்தையும் இயக்கத்தையும் வரைய முயன்ற இத்தாலிய ஃபியூச்சரிச ஓவியர்கள் 1910-இல் அறிக்கை விட்டார்கள். அதில் கையெழுத்திட்ட உம்பெர்ட்டோ பொச்சோனியின் ‘நகரம் எழுகிறது’ ஓவியம் இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. சுமார் 3 மீட்டர் அகலம். நடுவில் தழல் போலச் சிவப்புக் குதிரை, கழுத்தில் இறக்கை மாதிரி விரியும் நீலப் பட்டை, இழுபடும் கூலியாட்கள். அந்தக் குதிரைக்கு ஓரக்கோடே பிடிபடவில்லை எனக்கு. லியொனார்டோ ஒரு நிலையைக் கண்டுபிடிக்கப் பல கோடு போட்டார். இவர்களுக்குப் பல நிலைகளும் ஒருசேர வேண்டும். பார்த்தபோது ஒன்று போலத் தெரிந்தது. வரையும்போது கை வேறு வேகம் கேட்கிறது.

1916-இல் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து பொச்சோனி இறந்தார். வயது 33. அதைப் படித்த அன்று வரையவில்லை.

சரி, இப்போது கரித்துண்டால் இருபது கால் குதிரை ஒன்று. 12-வது காலில் நிற்கிறேன். பின்னங்கால் மூட்டு எல்லாவற்றிலும் சரியாக மடிகிறது.