பொன்னி லோகோவை டெக்கில் அமைத்தது: எங்கெங்கே இடறும்?

கும்பகோணம் பக்கத்து விதைநெல் குழு ஒன்றுக்காக ஸீலாடெக்கில் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் டெக் மென்பொருளின் ஒரு வடிவம்) அமைத்த 'பொன்னி' எழுத்து லோகோ 25 கிலோ சிப்பத்தில் அச்சாகி வந்துவிட்டது. வேலை முடிந்த நிம்மதி இருந்தாலும், அச்சகத்தில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வீண் நடையாவது மிச்சமாகட்டும்.

முன்மாதிரி எல்லோருக்கும் தெரிந்த டெக் லோகோதான்: 'டி'க்குப் பின் -0.1667 எம் (எழுத்தளவோடு சேர்ந்து மாறும் அலகு) கெர்ன் (எழுத்திடைத் தூரத் திருத்தம்), 'ஈ' அரை எக்ஸ் அளவு கீழே, பிறகு -0.125 எம். அதே பாணியில் பொ, ன், னி மூன்றும் வாய்க்கால் மடைபோலப் படிப்படியாக இறங்க வேண்டும். ஆனால் எக்ஸ் அலகை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அது லத்தீன் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரம். தமிழ் எழுத்தின் உயரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஃபான்ட்டை மாற்றினால் இறக்கமும் மாறிவிடும். எல்லாவற்றையும் எம்மிலேயே கொடுங்கள். ன் 0.12 எம், னி 0.24 எம் இறக்கம், இடையில் -0.04 எம் கெர்ன். நோட்டோ செரிஃப் தமிழுக்கு இது பொருந்தியது. பாயின்ட்டில் கொடுத்தால் லோகோவைப் பெரிதாக்கும்போது இடைவெளி மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிடும்.

ஃபான்ட்டைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் 'ஸ்கிரிப்ட் = தமிழ்' என்று போடாவிட்டால் ஒற்றைக்கொம்பு ப-வுக்கு முன்னால் வராது. ஸீலாடெக்குக்குப் பதில் லுவாலாடெக்காக இருந்தால், எழுத்துகளைக் கோக்கும் 'ரெண்டரர் = ஹார்ஃப்பஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும். இவ்வளவும் சுலபம்.

சிக்கல் தொடங்குவது 'பொ'வில். குழுவினர் கொம்பையும் துணைக்காலையும் பச்சையிலும், ப-வைக் கறுப்பிலும் கேட்டார்கள். யூனிகோடில் இது ப (0பிஏஏ), ஒகரக் குறி (0பிசிஏ) என்ற இரண்டே குறியீடு. கொம்பும் காலும் தனித்தனியாக அங்கே இல்லை. நடுவில் நிறக் கட்டளையோ கெர்னோ நுழைந்தால் எழுத்துக்கோவை அறுந்துபோய், குறி புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும். புள்ளிவட்டம் இல்லாத ஃபான்ட்டில் அநாதையாக நிற்கும். ஜீரோ-வித் ஜாயினர் போட்டெல்லாம் இதைச் சரிசெய்ய முடியாது.

வழி என்னவென்றால், எழுத்துகளைத் தானாகச் சேர்க்கும் கோவையாக்கத்தைத் தாண்டி, கிளிஃபை (ஃபான்ட்டிலுள்ள எழுத்து வடிவத்தை) நேரடியாக வைப்பதுதான். ஸீடெக்கில் 'ஸீடெக்கேர்கிளிஃப்' கட்டளைக்கு 0பிசி6 கொடுத்தால் கொம்பின் கிளிஃப் எண் கிடைக்கும், 0பிபிஇ கொடுத்தால் துணைக்கால். அந்த எண்ணை 'ஸீடெக்கிளிஃப்' கட்டளைக்குக் கொடுங்கள். கொம்பு, ப, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்து நிறம் கொடுக்கலாம். எண்ணைக் கையால் எழுதி வைக்காதீர்கள். ஃபான்ட்டின் அடுத்த பதிப்பில் அது வேறு எழுத்தாகிவிடலாம். இப்படி அமைத்த சொல் தேடலில் அகப்படாது. அக்சப் தொகுப்பு வழியாக ஆக்சுவல்டெக்ஸ்ட்டாக (தேடலுக்கான மறைவு உரையாக) 'பொன்னி' என்று கொடுத்துவிடுங்கள்.

முழு லோகோவையும் ஒரு எம்பாக்ஸுக்குள் (வரியில் உடையாத பெட்டிக்குள்) போடுவது கட்டாயம். அது இல்லாமல், முதல் எழுத்தின் வெறும் எச்பாக்ஸோடு தொடங்கினால் பத்தியின் முதல் சொல்லாக வரும்போது கெர்ன் மேல்கீழாக வேலை செய்யும், எழுத்தை இறக்கும் 'லோயர்' கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். வரிக்கடைசியில் எழுத்து உடையாமலிருக்கவும் எம்பாக்ஸ்தான் காவல். தலைப்புகளில் டெக்ஆர்பிடிஎஃப்ஸ்ட்ரிங் கட்டளையைப் போடுங்கள், பிடிஎஃப் புக்மார்க்கில் வெறும் எழுத்தாக வரும்.

இறங்கிய எழுத்து உரைப்பத்தியில் வரி இடைவெளியைத் தள்ளும். அதற்கு, எழுத்தின் உயரத்தையும் இறக்கத்தையும் கணக்கில் எடுக்காத ஸ்மாஷ் கட்டளை நல்ல மருந்து. ஆனால் அதே கட்டளையை லோகோவை மட்டும் அளவாக வெட்டித் தரும் ஸ்டாண்டலோன் கோப்பில் பயன்படுத்தினால் உயரம் பூஜ்யமாகி, லோகோவின் தலையும் காலும் வெட்டுப்பட்டு வரும். அச்சகத்துக்குத் தரும் கோப்பில் ஸ்மாஷ் வேண்டாம். 2 பாயின்ட் பார்டர் வேண்டும்.

இனி அச்சகம். பிடிஎஃப்பை ஆபரேட்டர் கோரல்டிராவில் திறந்தார். எழுத்தை 'டெக்ஸ்ட்' ஆக வைக்கவா, 'கர்வ்ஸ்' ஆக (கோட்டுருவாக) மாற்றவா என்று அது கேட்கும். பார்க்காமலே டெக்ஸ்ட்டைத் தட்டினார். கொம்பு இருந்த இடத்தில் வெறும் கட்டம், ன்-னின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில். "உங்க ஃபான்ட் சரியில்ல சார், பாமினில அடிச்சுத் தரேன்" என்றார். யூனிகோட் அல்லாத அந்தப் பழைய ஃபான்ட்டில் அடித்தும் கொடுத்தார்! படியும் இல்லை, இறக்கமும் இல்லை, பச்சையும் இல்லை. கர்வ்ஸில் திறக்கச் சொன்னதற்கு, அதெல்லாம் வராது என்று அடுத்த கல்யாணப் பத்திரிகைக்குத் திரும்பிக்கொண்டார்.

அவரோடு மல்லுக்கட்டாமல் இருக்க, பிடிஎஃப்பை மாற்றி எழுதும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளில் பிடிஎஃப்ரைட் டிவைஸோடு 'நோஅவுட்புட்ஃபான்ட்ஸ்' தேர்வைப் போட்டு எழுத்தையெல்லாம் கோட்டுருவாக்கிக் கொடுங்கள். கோப்பிலுள்ள ஃபான்ட்டுகளைப் பட்டியலிடும் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டினால் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அந்தக் கோப்பை யார் எப்படித் திறந்தாலும் எழுத்து கலையாது. மறுமுறை அதே மேசையில் அப்படியே திறந்தது. எழுத்துள்ள மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கான எக்ஸ்கலர் தொகுப்பில் சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்) தேர்வு வேண்டும், கறுப்பு கே (கறுப்பு மை) மட்டுமாக. சிப்பத்தில் இரண்டு நிறமும் தனித்தனி பிளேட். சற்று விலகினாலும் பச்சை கறுப்பில் ஏறிவிடும். அதனால் கொம்புக்கும் ப-வுக்கும் நடுவில் கூடுதலாக 0.03 எம் விடுங்கள். தடித்த எழுத்தைத் தவிர்ப்பது நல்லது, நெய்த சிப்பத்தில் மை பரவும். சாம்பிளைத் தாளில் வாங்காமல் சிப்பத்திலேயே ஒன்று அடித்துக் காட்டச் சொல்லி, ன-வின் சுழி அடைபடாமல் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.