பழைய வேலைமுகாம் படங்களில் பிக்காசு ஏன் எப்போதும் தலைக்கு மேலேயே நிற்கிறது?

1947 இல் யூகோஸ்லாவியாவின் ஷாமாட்ஸ்–சரயேவோ ரயில் பாதையைப் போட்டவை இளைஞர் வேலைப் படையணிகள். சுமார் 240 கிலோமீற்றர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் முடித்தார்கள். அந்தக் காலத்து முகாம் படங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும்: தலைக்கு மேல் பிக்காசு, முகத்தில் வெயில். பிரசாரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிலிமுக்கும் அதில் பங்குண்டு.

பின்னாளில் வந்த சோவியத் ஸ்மேனா 8எம் கமராவை வைத்தே கணக்குப் பார்க்கலாம். அதன் ஷட்டரின் உச்ச வேகம் 1/250 செக்கன். ஒளியுணர்வு வேகம் 65 உள்ள பிலிம் போட்டால் நல்ல வெயிலில் லென்ஸின் துவாரம் எஃப் 8, ஷட்டர் 1/250. மேகம் மூடினால் 1/60க்கு இறங்கவேண்டும், அல்லது துவாரத்தைத் திறக்கவேண்டும். 1/60 இல் கீழே பாயும் பிக்காசு வெறும் கோடாகிவிடும். வீச்சின் உச்சியில் மட்டும் அது ஒரு கணம் நிற்கும். படக்காரர் அந்தக் கணத்தைப் பிடிக்கவேண்டும், இல்லையேல் "அப்படியே தூக்கிப் பிடி" என்று சொல்லவேண்டும். ரோலுக்கு 36 படம்தான் என்றால் எது நடந்திருக்கும்?

சொல்லி எடுத்ததா, தானாக அமைந்ததா என்று அறிய முகத்தைப் பார்க்காதீர்கள், சிரிப்பு ஏமாற்றும். சவளின் அலகில் ஈரமண் ஒட்டியிருக்கிறதா, முதுகில் வியர்வை இருக்கிறதா என்று பாருங்கள். நிழலை வைத்து நேரத்தைக் கணிக்கும்போது மட்டும் நம் ஊர்க் கணக்கு உதவாது. ஆவணி நடுவில் திருகோணமலையில் உச்சிவெயில் நிழலைக் காலடியில் ஒளித்துவிடும். அந்த ரயில் பாதைப் பக்கத்தில் ஜூன் நடுப்பகலிலும் ஆளுயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிழல் விழும். இங்கே அந்த நிழல் பத்தே முக்கால் மணிக்குரியது. அதைக் காலைவேலை என்று நினைத்துவிடுவோம்.

உப்புவெளிக் கடற்கரைச் சிரமதானத்தையோ தம்பலகாமத்து வாய்க்கால் துப்புரவையோ இதே கமராவில் எடுப்பதென்றால், எட்டு மணிக்குள் எடுங்கள். உப்புவெளியில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியன் உங்கள் பின்னால் இருக்கும், குனிந்து வேலை செய்பவரின் முகத்திலும் வெளிச்சம் விழும். எஃப் 8 இல் லென்ஸின் தூர வளையத்தை 4 மீற்றரில் வைத்துவிடுங்கள். இரண்டரையிலிருந்து பத்து மீற்றர் வரை தெளிவாக வரும், பிறகு வளையத்தைத் தொடவே தேவையில்லை. கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் நேரம் குறையக் குறைய ஆட்கள் விறைப்பதும் குறையும்.

ஸ்மேனாவில் ஷட்டரை ஏற்றுவதும் பிலிமைச் சுற்றுவதும் தனித்தனி. சுற்ற மறந்தால் இரண்டு படம் ஒன்றின்மேல் ஒன்று விழும். எடுத்தவுடனே சுற்றுங்கள், ஏற்றுவதைக் கடைசிக்கு விடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் வெளியில் ரோல் மாற்றாதீர்கள், உள்ளே போன ஒரு மணல்துகள் முழு ரோலிலும் கோடு இழுத்துவிடும்.

குழுப்படத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதுதான் படம், உங்கள் வேலை முடிந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அதன் பிறகு மண்வெட்டியை எடுக்கும்போது யாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை.