மடிப்பாக்கம் வேலை, புரட்டாசி

23.09.2024, திங்கள்

புதன்கிழமை வேலை ஆரம்பம். இன்றே அந்தத் தெருவுக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு பக்கத்து வீடு, எதிரில் மூன்று, பின்சுவரை ஒட்டி ஒன்று. "வாத்தியார் வீட்டு மாடியில் ஒழுகல் அடைக்கிற வேலை, பத்துப் பன்னிரண்டு நாள், பழைய தள ஓடு உடைக்கிற சத்தம் முதல் இரண்டு நாள் இருக்கும், காலை ஒன்பது மணிக்கு முன்னால் தொடங்க மாட்டோம், தூசியோ வேறு தொந்தரவோ இருந்தால் எனக்கு நேராகப் போன் பண்ணுங்கள்" என்று சொல்லி, நம்பர் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தேன். எனக்கு வேலை கொடுங்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. உடைக்க ஆரம்பித்த பிறகு போனால் எல்லோரும் எரிச்சலில் இருப்பார்கள், நாம் சொல்வது காதில் ஏறாது. வடக்கு வீட்டுப் பையனுக்குக் காலாண்டுப் பரீட்சையாம், அவன் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு உடைக்கச் சொன்னார்கள். சரி என்றேன்.

எதிரே பச்சை கேட் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. சன்ஷேடுக்கு மேலே சுவரில் ஈரம் இறங்கிக் கறுத்த தடம், தெருவில் நின்றாலே தெரிகிறது. சீட்டை கேட்டில் சொருகிவிட்டு வந்தேன்.

அம்மாவின் ரிப்போர்ட்டுக்குப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள்.

25.09.2024, புதன்

ஆரம்பித்தாயிற்று. போர்டு வைக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காம்பவுண்டுக்கு உள்பக்கம் கட்டிக்கொள் என்றார். மூன்றடிக்கு இரண்டடி. மாடி ஒழுகல், வெளிப்பூச்சு, பெயிண்ட், என் நம்பர். வேறொன்றும் எழுதவில்லை. மின்கம்பத்தில் கட்டலாம் என்றான் ஒரு பையன். வேண்டாம் என்றேன். ஒருவர் தன் வீட்டில் வேலை செய்ய விட்டிருக்கிறார் என்பது அவர் வாசலில் இருந்தால்தானே தெரியும்.

26.09.2024

போன் இல்லை.

28.09.2024, சனி

என்னோடு வேலை செய்கிற முருகையா அண்ணன் மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். ஒரகடம் பக்கம் பெரிய வேலை, மூன்று மாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று. போகிறேன் என்று சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கொத்தனார் கூலி 1,200, சித்தாள் 900, ஐந்து பேர். இந்த வேலைக்கு அப்புறம் கையில் ஒன்றுமில்லை. ஒருமுறை கலைந்த ஆட்களைத் திரும்பச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை 2020-இல் பார்த்துவிட்டேன். ராத்திரி முழுக்க இதே நினைப்பு. போன வருஷம் பேப்பர் போடும் பையன்கள் மூலம் ஆயிரம் நோட்டீஸ் போட்டேன், மூன்று ஏரியா. இரண்டே போன், இரண்டு பேரும் ரேட் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். தெரியாதவன் நோட்டீஸை எதற்காக நம்ப வேண்டும்? இந்தத் தெருவில் இருக்கிறவர்கள் என்னைத் தினமும் பார்க்கிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறோம், மணலை எங்கே கொட்டுகிறோம், சாயங்காலம் தெருவைக் கூட்டிவிட்டுப் போகிறோமா என்று ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது. அடுத்த வேலை இதே தெருவில் கிடைத்தால் எனக்கு லோடு வண்டி வாடகை மிச்சம், சாரத்தை அவிழ்த்து ஏற்றி இறக்கும் ஒரு நாள் கூலி மிச்சம். அதை அப்படியே ரேட்டில் குறைக்க முடியும். தெற்கு வீட்டுக்காரர் வாசலில் நின்று விசாரித்தபோது இதைத்தான் சொன்னேன், சதுரடிக்கு 40, பொருள் இங்கே இருக்கும்போதே தொடர்ந்து செய்தால் 37, ஏன் குறைகிறது என்ற கணக்கோடு. தலையாட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பச்சை கேட் இன்றும் பூட்டு. சீட்டு சொருகிய இடத்திலேயே இருக்கிறது.

30.09.2024, திங்கள்

வடக்கு வீட்டுக் காரில் சிமெண்ட் பால் தெறித்துவிட்டது. அவர் தெருவே கேட்கும்படி கத்தினார். மேலே வேலை செய்த பையன் தப்பு இல்லை, மூடச் சொல்லாதது நான். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், காய்ந்திருந்தால் பெயிண்டே போயிருக்கும். அப்புறம் மெக்கானிக் கடைக்கு அனுப்பி பாலீஷ், 1,400. காசு போகட்டும். இத்தனை நாள் கூட்டிப் பெருக்கியது எல்லாம் ஒரு மக் சிமெண்டில் போய்விட்டதே என்றுதான் வயிறு எரிகிறது.

02.10.2024

அமாவாசை, ஆட்கள் லீவு. ரிப்போர்ட் வரவில்லை.

04.10.2024, வெள்ளி

விரிசல்களை வெட்டி அடைத்தது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைவாகப் பூசியது, வலை வைத்து இரண்டு கோட் அடித்தது எல்லாம் காய்ந்தாயிற்று. இன்று காலை மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்து, ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பினோம். 900 சதுரடி, இரண்டு அங்குலம், கிட்டத்தட்ட 4,000 லிட்டர். சுவரில் சாக்பீஸால் கோடு. 48 மணி நேரம் நிற்க வேண்டும்.

நேற்றே வாத்தியாரிடம் ஒன்று கேட்டிருந்தேன், அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கலாமா என்று. அவரே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். சாயங்காலம் ஏழு பேர் வந்தார்கள்! நான் பேச வேண்டிய வேலையே இல்லை, வாத்தியார்தான் பேசினார், 2015-இலும் போன டிசம்பர் புயலிலும் ஹாலில் எங்கெங்கே வாளி வைத்தார் என்பதிலிருந்து. யாரோ எவ்வளவு ஆச்சு என்று என்னிடம் கேட்டார்கள். சார் வீட்டுக் கணக்கை நான் சொல்லக்கூடாது, உங்கள் மாடியை அளந்து தனியாகச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் வாத்தியாரே தொகையைச் சொல்லிவிட்டார். தெற்கு வீட்டுக்காரர் கீழே போய் ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நல்ல மனிதர். அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வடக்கு வீட்டுக்காரர் வரவில்லை.

06.10.2024

தண்ணீர் சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு நூல் அளவு கீழே, அது வெயில் குடித்தது. சீலிங் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கிறது.

08.10.2024, செவ்வாய்

பச்சை கேட்டிலிருந்து போன். ஊருக்குப் போயிருந்தாராம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருக்கிறார். "வாத்தியார் சொன்னார் தம்பி, மாடி முழுக்க செய்துடுங்க, பையன் பணம் அனுப்பிட்டான்" என்றார். 800 சதுரடி. 37 ரேட்டில் 29,600. மனசுக்குள் ஆட்களைப் பிரித்து நாள் போட்டே முடித்துவிட்டேன், மாடி ஏறுவதற்குள்.

ஏறிப் பார்த்தால் தளம் நன்றாக இருக்கிறது. ஈரம் சரியாகத் தண்ணீர் டேங்குக்குக் கீழே. டேங்கிலிருந்து இறங்கும் பைப் ஜாயிண்டில் சொட்டு. மழையே இல்லாமல் நனைந்திருக்கிறது, ஒழுகல் மாடியில் இல்லை. பிளம்பரை வரச் சொன்னேன், 650-இல் முடிந்தது. சுவர் காய ஒரு வாரம் ஆகும், அதுவரை பெயிண்ட் கூட அடிக்க வேண்டாம் அம்மா என்றேன். காபி கொடுத்தார், எனக்கு இறங்கவில்லை. பதினைந்து நாளாக அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து இந்த வேலையை நம்பியிருந்தேன். மாடி முழுக்கக் கோட் அடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஜாயிண்ட் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

முருகையா அண்ணன் கீழே நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

10.10.2024

லேபுக்குப் போன் பண்ணினேன். நாளை மறுநாள் கேளுங்கள் என்கிறார்கள்.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூஜை. கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் கழுவி வாத்தியார் வீட்டு வாசலிலேயே வைத்துப் பூஜை போட்டோம். பொரி, கடலை, சுண்டல் பொட்டலத்தை ஆறு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வடக்கு வீட்டில் அந்த அம்மா வாங்கிக்கொண்டார், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போர்டு தீபாவளி வரை இருக்கட்டும் என்றார் வாத்தியார்.

14.10.2024, திங்கள்

தெற்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். மழைக்கு முன்னால் நாளையே ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ரெட் அலர்ட் சொல்லியிருக்கிறார்கள், வேளச்சேரி பாலத்தில் காரை ஏற்றி நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஈரத் தளத்தில் கோட் பிடிக்காது, மழை விட்டு நல்ல வெயில் மூன்று நாள் கிடைத்தால் மறுநாள் வருகிறேன் என்றேன். அதுவரை தார்ப்பாய் விரித்துக் கொடுக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

முருகையா அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

15.10.2024, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. பத்து மணிக்கு நனைந்துகொண்டே போய் வாத்தியார் மாடியைப் பார்த்தேன். குழாய் வாயில் வேப்பிலை சேர்ந்திருந்தது, எடுத்துவிட்டதும் சரசரவென இறங்கியது. எதிர் ஜன்னலில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்கு வீட்டில் தார்ப்பாயைக் கட்டிவிட்டு இறங்கும்போது வடக்கு வீட்டுக்காரர் குடையோடு கேட்டில் நின்றார். "எங்க சீலிங்லயும் ஒரு இடம் இருக்கு, வந்து பாரு" என்றார். பார்த்தேன். இது மாடிதான்.

இரவு 9.20. கரண்ட் இல்லை. பச்சை கேட் அம்மா போன் பண்ணினார், இத்தனை மழையிலும் அந்தச் சுவர் காய்ந்துதான் இருக்கிறதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போன் வந்தது, லேப் நம்பர் மாதிரி இருக்கிறது. சார்ஜ் ஒன்பது சதவீதம்