கொக்கும் கொசுவும் மூளைக்காய்ச்சலும்

பெயர்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், இந்தியாவில் அதை முதலில் கண்டறிந்தது 1955இல் நம் வேலூர்ப் பக்கம்தான். கடலூர் மாவட்டத்து நெல் கிராமங்களில் இந்த நோய்க்காகக் கொசு பிடிக்கிற வேலை பார்த்திருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் மாட்டுக்கொட்டகைக்குப் போய் டார்ச் அடித்து, உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவோம். வாய்ப்பக்கம் வலைத்துணி கட்டியிருக்கும், கொசு உள்ளே வராது. அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் இனம் பிரிப்போம். நாங்கள் தேடும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு ஊசி போன்ற மூக்கின் நடுவில் வெளிறிய பட்டை ஒன்று இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஊரில் எங்களிடம் கேட்பதெல்லாம் கொக்கைப் பற்றித்தான். "கொக்குலேர்ந்துதான் வருதாமே தம்பி, மரத்துல அடையுறதை வெடி போட்டு வெரட்டிடலாமா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். வீட்டில் சின்னப் பேரன். அந்தப் பயம் நியாயமானது, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துபோகலாம், பிழைத்தாலும் பலருக்கு வலிப்பும் பேச்சுக் குறையும் தங்கிவிடுகின்றன.

கொக்குக்கு இதில் பங்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. மடையான், உண்ணிக்கொக்கு, வக்கா எல்லாம் இந்த வைரஸைத் தாங்கும். பறவைக்கு நோய் வராது, ஆனால் சில நாட்களுக்கு ரத்தத்தில் வைரஸ் ஓடும், அந்த நாட்களில் கடித்த கொசு அதை எடுத்துக்கொள்ளும். பிறகு எதிர்ப்புச் சக்தி வந்து அந்தப் பறவையைப் பொறுத்தவரை கதை முடிந்துவிடும், ஆனால் அடுத்த பருவத்தில் வைரஸையே பார்க்காத புதுக் குஞ்சுகள் கூட்டில் இருக்கும். அதே வைரஸ் பன்றிக்குள் போனால் இன்னும் வேகமாகப் பெருகும். மாட்டிலும் மனிதரிலும் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை, நம்மைக் கடித்த கொசுவால் நம்மிடமிருந்து நோயை எடுத்து அடுத்தவருக்குக் கொண்டுபோக முடியாது.

நாங்கள் பிடித்த கொசுக்களுக்கு மாட்டு ரத்தம்தான் ரொம்பப் பிடிக்கும். அப்படியும் பிள்ளைகளுக்கு நோய் வருகிறதே என்றால், நட்ட வயலில் தண்ணீர் நிற்கும்போது கொசு அவ்வளவு பெருகிவிடுகிறது, அதில் கொஞ்சம் மனிதரைக் கடித்தாலே போதும். கொக்கு இரை தேடி இறங்குவதும் அதே தண்ணீரில்தான். வெடி போட்டு விரட்டினால் கொக்கு பக்கத்து ஊர் மரத்துக்குப் போகும், வயலும் கொசுவும் இங்கேயே இருக்கும். அதனால் வெடி வேண்டாம் என்றுதான் எல்லா ஊரிலும் சொன்னேன். பன்றிப் பட்டியை வீடுகளிலிருந்து தள்ளி வையுங்கள், பிள்ளைகளை வலைக்குள் படுக்க வையுங்கள், முக்கியமாக 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று இரண்டு தவணைத் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். முதல் ஊசியோடு நின்றுவிடுகிற வீடுகள் இருக்கின்றன, அதுதான் எனக்கு இன்னும் கவலை.