மூக்கன் துரையின் தண்ணி

மே 24
கோடை விடுமுறைக்கு அண்ணன் மகன் சென்னையிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள எங்கள் தேரூருக்கு வந்திருக்கிறான். காலையில் சித்தப்பா திண்ணையில் பேப்பரை விரித்ததும் உள்பக்கத்தில் அணை நீர்மட்டத்தைத் தேடினார். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்ற முழுக் கணக்கு எங்கள் வீட்டில் வாய்ப்பாடு மாதிரி. "கிரிக்கெட் ஸ்கோரா தாத்தா?" என்றான் பையன். "அதுக்கும் மேலடே" என்றார்.

மே 26
பேச்சிப்பாறை போய்வந்தோம். குலசேகரம் தாண்டியதும் இருபக்கமும் ரப்பர் தோட்டம். ஒரு மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் பாலுக்குப் பதில் நேற்றைய மழைத்தண்ணி, அதில் ஒரு எறும்பு நீந்திக்கொண்டிருந்தது. பையன் அதை ஒரு குச்சியால் கரையேற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

அணைமேல் நின்றால் மலைகளுக்கு நடுவே தண்ணி வளைந்து வளைந்து உள்ளே போகிறது. எதிர்க்கரையில் காணிக்காரர்கள் என்ற மலைப்பழங்குடிகளின் ஊர்கள். நமக்கு வேடிக்கையாக இருக்கும் தோணி, அவர்களுக்கு பஸ் மாதிரி.

கோதையாற்றின் குறுக்கே இதைக் கட்டும்போது இது திருவிதாங்கூர் நாடு, ஸ்ரீமூலம் திருநாள் ராஜா. 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்திருக்கிறார்கள். பொறியாளர் மிஞ்சின். நீண்ட மூக்கு என்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மூக்கன் துரை. 1913-ல் இறந்தவரை அணைப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையை இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். இத்தனை வருஷம் இங்கே வந்து மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

மே 27
மழை. சித்தப்பாவுக்கு மட்டும் சந்தோஷம்.

மே 29
திற்பரப்பு. அருவிக்கு மேலே தடுப்பணையில் தேங்கிய தண்ணியில்தான் படகு விடுகிறார்கள். "படகு அருவியில விழுந்திடாதா?" என்று பையன் மூன்று தடவை கேட்டான். எனக்கும் அதே சந்தேகம், வெளியே காட்டவில்லை. கொடுத்த மிதவைச் சட்டையில் முந்தைய ஆளின் வியர்வை இன்னும் காயவில்லை. பத்து நிமிஷத்தில் சவாரி முடிந்தது, வரிசையில் நின்றதோ முக்கால் மணி நேரம். ஆனால் அருவியில் தலையைக் கொடுத்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் மகாதேவர் கோயில். சிவராத்திரிக்கு "கோபாலா, கோவிந்தா" என்று பனைவிசிறியோடு 12 சிவாலயங்களுக்கு ஓடுபவர்கள் மூன்றாவதாக வந்து சேரும் இடம்.

திரும்பும் வழியில் மாத்தூர் தொட்டிப்பாலம். கீழே பறளியாறு, 115 அடி மேலே தொட்டிக்குள் பாசனத் தண்ணி. காமராஜர் முயற்சியில் 1966-ல் கட்டியது. பாதி தூரம் போனதும் பையன் என் கையைப் பிடித்தான். கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி, "இந்தத் தண்ணி பேச்சிப்பாறையில இருந்தா வருது?" என்றான். அந்த மலைத்தண்ணிதான் என்றேன். குனிந்து ஓட்டத்தைப் பார்த்தபடி நின்றவன், அருவியில்கூட அவ்வளவு நேரம் அமைதியாக இருக்கவில்லை.

ஜூன் 3
கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறந்தாச்சு என்று பேப்பரில் வந்துவிட்டது. சித்தப்பா நம்பவில்லை. "பேப்பர்ல திறந்தா போதாது, கடைமடைக்கு வரணும்" என்கிறார். முளைகட்ட விதைநெல் சாக்கை நனைக்கவும் இல்லை, அவிழ்த்து வைக்கவும் இல்லை, திண்ணையோரம் அப்படியே கிடக்கிறது.

ஜூன் 7
தேரூர் குளம் இப்போது ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருப்பதால் (2022-ல் சேர்ந்தது) கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் கேமரா இல்லாமல் கால்வாய்க் கரையில் நின்றோம். விடியற்காலையில் முதலில் வந்தது நுரை. அதற்குப் பின்னால் சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில், கடைசியாகத்தான் கலங்கல் தண்ணி. பையன் குதித்தான். சித்தப்பா குனிந்து கையில் அள்ளி முகர்ந்தார். "மலைமணம் இருக்கு" என்றார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார், சாக்கை நனைக்க.