ராத்திரி எங்கே படுக்கிறது?

மல்லிப்பட்டினத்திலிருந்து தொண்டி வரை கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போய்வந்தோம் என்றதும் எல்லாரும் அலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாக் விரிகுடாவில் பிப்ரவரி அலை பெரிய பாடு இல்லை, வாடைக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் படுக்க இடம் தேடுவதுதான் பாடு.

செல்போன் வரைபடத்தில் மணலாகத் தெரிந்த இடம் நேரில் முழங்கால் சேறு. முதல் நாள் படகைக் கரையேற்றவே ஒரு மணி நேரம். அப்புறம் நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஒதுங்கினோம். காய்ந்த கடற்புல் கரையில் கோடு போட்ட மாதிரி கிடக்கும், அதற்கு மேலேதான் கூடாரம். பௌர்ணமியை ஒட்டி என்றால் இன்னும் நாலு எட்டு தள்ளி. படகுத் துறையில் அடிக்கவே கூடாது, விடியுமுன் வலையோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

ஊரில் கேட்டுவிட்டே தங்கினோம். ஒரு பெரியவர் சவுக்குத் தோப்பைக் காட்டி, "அங்கன படுங்க தம்பி, நாய் மட்டும்தான் வரும்" என்றார். வந்தது. பிஸ்கட் பாக்கெட் போனது.

இதே நினைப்பில் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய்விடாதீர்கள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. எந்தப் பக்கம் போனாலும் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நடுராத்திரி முகத்தில் டார்ச் அடித்து எழுப்பப்பட்டவன் சொல்கிறேன்.